கண்வலிக்கிழங்கு அனுப்பியிருக்கிறேன்

மூலனூர்,
ஆனி 25

கண்ணு,

பஸ் பார்சலில் மூன்று கண்வலிக்கிழங்கு வருகிறது. நீ கேட்ட செங்காந்தள்தான். பார்க்கச் சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும்; உள்ளே இருக்கும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு ஆளையே கொல்லும். இலை, விதை எல்லாமே விஷம். பாப்பா கைக்கு எட்டாமல் வை, தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவு.

கிழங்குக்குக் கலப்பை மாதிரி இரண்டு கை இருக்கும். முளை வருவது கையின் நுனியில் மட்டும். அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது, அதனால் உருளைக்கிழங்கு போலத் துண்டு போடாதே. ஒவ்வொன்றும் 50, 60 கிராமுக்குக் குறையாமல் பொறுக்கியது. சின்னக் கிழங்கு கொடி விடும், பூக்காது.

ஆடி பிறந்ததும் நடு. 12 அங்குலச் செடி வளர்க்கும் பை, அடியில் நாலைந்து ஓட்டை. செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய எரு 1. உங்கள் வேளச்சேரிக் களிமண்ணை அள்ளிப் போட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று கிழங்கு கூழாகிவிடும். படுக்கவைத்து இரண்டு அங்குலம் மண் மூடு. முளைக்கும்வரை லேசான ஈரம் போதும்.

கொடி ஐந்தாறு அடி போகும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பி ஆகும். மாடி பிவிசி பைப்பை அதனால் பிடிக்க முடியாது. காய்ந்த மிளாரோ பென்சிலைவிட மெலிசான கம்பியோ நட்டு வை. கறுப்பு உடம்பில் சிவப்பு, வெள்ளைப் புள்ளி வைத்த புழு இரண்டே நாளில் இலையை மொட்டையடிக்கும். மருந்து வேண்டாம், பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடு.

மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், இதழ் ஓரம் நெளிநெளியாக மேலே மடங்கும். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கிக் கடைசியில் முழுச் சிவப்பு. மகரந்தத்தை வாங்கும் சூல்தண்டு முறிந்ததுபோலப் பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் மகரந்தம் அதன்மேல் விழாது. இங்கே வயக்காட்டில் விதை பிடிக்கக் காலையில் ஆள் விட்டு மகரந்தத்தைத் தொட்டு வைப்பது அதற்குத்தான். உனக்கு அந்த வேலை வேண்டாம். விதை போட்டால் பூப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

மார்கழி வாக்கில் கொடி மஞ்சளாகிக் காயும். அப்போது தண்ணீரை நிறுத்து. செத்துவிட்டதென்று பலர் பையோடு குப்பையில் கொட்டுவது இந்த நேரத்தில்தான். நட்ட கிழங்கு சுருங்கி வெறும் தோலாகியிருக்கும், பக்கத்தில் புதுக்கிழங்கு இருக்கும். தை கடைசியில் கையால் மண்ணை விலக்கி எடுத்து, காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வை. வைகாசியில் நுனியைப் பார், வெள்ளையாக முளை தெரியும்.

அப்பா