பெயர் கேட்க மறந்த அந்த அம்மாவுக்கு

கால்வாயில் தனியாகத் தத்தளித்த வாத்துக்குஞ்சை எடுத்துவந்து, அதற்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி கால்நடை மருத்துவரிடம் காத்திருந்தேன். பக்கத்திலிருந்த நீங்கள் அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "முதலில் அந்த ரொட்டியை எடுங்கள்" என்றீர்கள். சற்றுக் கோபம் வந்தது, உண்மைதான்.

வளைந்திருந்த கால்களைக் கண்டு, நியாசின் (வைட்டமின் பி3) குறைவா என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னதும் நீங்கள்தான். கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு அந்தச் சத்து அதிகம் தேவையாம். மருத்துவரும் அதையே சொல்லி, தீவனத்தில் ஈஸ்ட் தூள் கலக்கச் சொன்னார். இப்போது நேராக நடக்கிறது. நடையா அது, அதிகாரியின் மிடுக்கு!

தண்ணீர்க் கிண்ணத்தில் மூக்குத்துளை மூழ்கும் ஆழம் வேண்டும், ஆனால் தாயில்லாத குஞ்சை அதிக நேரம் நீந்தவிடக் கூடாது, உடல் நனைந்து விறைத்துவிடும் என்றீர்கள். "கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது" என்றதால், அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையும் இரண்டு தாழ்ப்பாள்களும் போட்டேன்.

போன வாரம் விடிகாலையில் கூண்டைச் சுற்றிச் சேற்றுக் கால்தடங்கள். வலை ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தது. உள்ளே நம்மவர் அலகைக் கிண்ணத்தில் முக்கிச் சீறிக்கொண்டிருந்தார். நன்றி, அம்மா.