சி தொடரில் மேக்ஃபைலுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கணினிப் பக்கத்தில் வரும் சி மொழித் தொடரை என்னிடம் படிக்கும் மாணவர்கள் விடாமல் வாசிக்கிறார்கள். விளக்கங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பாடமும் 'ரன் பட்டனை அழுத்துங்கள்' என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த பட்டனுக்குப் பின்னால் நடக்கும் வேலைகளையும் தொடர் சொல்லித்தர வேண்டும்.

நாம் எழுதியதை கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர், ஒவ்வொரு சி கோப்பையும் தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றும். ஜிசிசி என்ற கம்பைலரில் 'மைனஸ் சி' கொடுத்தால் அதோடு நின்றுவிடும். அந்த ஆப்ஜெக்ட் கோப்புகளை, ஏற்கெனவே எழுதிவைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பான லைப்ரரிகளுடன் இணைத்து இயங்கும் நிரலாக்குவது லிங்கர். இந்தப் பிரிவு தெரியாதவர்கள் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று லிங்கரின் பிழை வந்ததும் நன்றாக இருக்கும் வரிகளைப் போய்த் திருத்துகிறார்கள். வர்க்கமூலம் கணக்கிடும்போது இது அடிக்கடி நடக்கும். மேத் ஹெடரைச் சேர்த்துவிட்டோமே, பிறகு ஏன் பிழை என்று கேட்பார்கள். அந்த ஃபங்ஷனை எப்படி அழைக்க வேண்டும் என்பதை மட்டும்தான் ஹெடர் கம்பைலருக்குச் சொல்கிறது. ஃபங்ஷன் இருப்பது லைப்ரரியில். லினக்ஸில் கட்டளையின் கடைசியில் 'மைனஸ் எல்எம்' சேர்த்தால் சரியாகிவிடும். அதையே சி கோப்பின் பெயருக்கு முன்னால் போட்டால், பல லினக்ஸ் கணினிகளில் அதே பிழை திரும்பவும் வரும்.

அப்புறம் மேக்ஃபைல். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எதை உருவாக்க வேண்டும், அது எந்தக் கோப்புகளைச் சார்ந்தது, அதற்கான கட்டளை என்ன என்று மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதிவிட்டால், மேக் கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு மாறியவற்றை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். மேக்ஃபைலில் கட்டளை வரி 'டேப்' விசையால் வரும் இடைவெளியில் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் போட்டால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று உடனே சொல்லிவிடும். நான் பயப்படுவது, சார்புப் பட்டியலில் ஹெடரை எழுத மறப்பதற்குத்தான். அந்த ஹெடரில் உள்ள ஸ்ட்ரக்சரில் (பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) ஓர் உறுப்பைக் கூட்டினால், ஓர் ஆப்ஜெக்ட் கோப்பில் அந்த ஸ்ட்ரக்சர் புதிய அளவிலும் மற்றதில் பழைய அளவிலும் இருக்கும். லிங்கர் மறுப்பே சொல்லாது. நிரல் ஓடும், விடை தப்பாக வரும். ஜிசிசியின் 'மைனஸ் எம்எம்டி' இந்தச் சார்புகளைத் தானே எழுதித் தரும். அந்தக் கோப்புகளை மேக்ஃபைலில் இன்க்ளூட் செய்துகொள்ளலாம்.

அடுத்து வரும் பாடங்களில் ஒன்றை இதற்கு ஒதுக்கித் தாருங்கள். இரண்டு சி கோப்புகள், ஒரு ஹெடர், மாணவர்களே கையால் எழுதும் ஒரு சின்ன மேக்ஃபைல் போதும். எச்சரிக்கைகளைக் காட்டும் 'மைனஸ் டபிள்யூஆல்', பிழை தேட உதவும் டீபக்கருக்கு வேண்டிய 'மைனஸ் ஜி' இரண்டும் தொடக்கத்திலிருந்தே அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிரலாக்கம் கற்பிக்கும் வாசகி