தூங்கச் சொல்லாத ஒலிப்பதிவு

அன்பு மகளுக்கு,

தூக்கம் வராத இரவுகளில் கேட்க, உடம்பைத் தளர்த்தும் பயிற்சி ஒன்றை நீ கேட்டபடி பேசிப் பதிவு செய்துவிட்டேன். கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன். கேட்பதற்கு முன் இதைப் படித்துவிடு. நீ எதிர்பார்க்கும் ஒரு வாக்கியம் அந்தப் பதிவில் எங்கேயும் வராது. "இப்போது உனக்குத் தூக்கம் வருகிறது" என்று நான் சொல்லவே இல்லை.

நீ கைப்பேசியில் கேட்கும் தூக்கச் செயலியில் ஒரு பெண்குரல் அப்படிச் சொன்னதும், "எங்கே வருகிறது?" என்று உனக்குள் ஒருத்தி எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன். ஆனால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. தூங்க முயல்வதற்கு விழிப்பு வேண்டும். தூக்கம் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கும் விழிப்பு வேண்டும். விளக்கை அணைத்தபின் நீ செய்வது இந்த இரண்டும்தான். போதாததற்குக் கணக்கு வேறு: இப்போது தூங்கினால் ஐந்து மணி நேரம், இப்போது தூங்கினால் நாலரை.

வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், தூக்கம் வராமல் தவித்தவர்களிடம் நேர் எதிராக ஒன்றைச் சொன்னார்: விழித்திருக்க முயன்று பாருங்கள். படுத்தபடியே உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கும் யோக நித்திரையை இன்றைய வடிவில் பரப்பிய, பீகாரின் முங்கேர் ஊரைச் சேர்ந்த சுவாமி சத்யானந்த சரஸ்வதியின் முறையிலும், தொடக்கத்திலேயே "தூங்கமாட்டேன்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டுப் பலர் நடுவிலேயே குறட்டை விடுவார்கள் என்பது வேறு விஷயம். என் பதிவிலும் வேலை அவ்வளவுதான். உடம்பைக் கவனி, தூக்கம் வந்தால் வரட்டும், வராவிட்டால் படுத்து ஓய்வெடுத்ததாக இருக்கட்டும்.

முதல் பகுதி தசைகளைப் பற்றியது. பிசியோதெரபி வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பார்த்த ஒன்று இது: "தளர்த்துங்கள்" என்றால் யாராலும் தளர்த்த முடியாது. தன் தோள் காதை நோக்கி ஏறி நிற்பது அந்த ஆளுக்கே தெரியாது. பதற்றம் பழகிப்போனவர்களுக்குத் தாடை, நெற்றி, தோள், அடிவயிறு எல்லாம் இறுகி இருப்பதே இயல்பு நிலையாகிவிடுகிறது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். இறுக்கம் எப்படி இருக்கும் என்று உணரப் பழகியவரால்தான் அதை விட முடியும் என்பது அவர் கட்சி. 1929இல் தன் முறையை நூலாக வெளியிட்டார். அவரிடம் பயிற்சி மாதக்கணக்கில் இழுக்கும். பிறகு 1950களில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் அதைச் சில அமர்வுகளுக்குள் சுருக்கினார். நீ இணையத்தில் கேட்கும் தசைத் தளர்வுப் பதிவுகள் பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தின் வாரிசுகள்.

செய்யும் விதம் எளிது. கையை ஐந்தாறு வினாடிகள் மடக்கி இறுக்கு, பிறகு சட்டென்று விட்டுவிடு. விட்ட பிறகு வரும் இருபது முப்பது வினாடிகள்தான் முக்கியம். அவசரக்காரியான நீ அங்கேதான் அடுத்த உறுப்புக்குத் தாவுவாய். தாவாதே. கை கனப்பதையும் கொஞ்சம் சூடாவதையும் கவனித்துக்கொண்டிரு. முழுப் பலத்தையும் போட்டு இறுக்க வேண்டாம், பாதி போதும். காலுக்கு வரும்போது விரல்களை முன்னால் நீட்டாமல் உன்னை நோக்கி மடக்கு. நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அதன்பின் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். வலிக்கும் இடம் எதுவானாலும் அதை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போ.

இரண்டாம் பகுதி மூச்சு. உள்ளே நாலு எண்ணிக்கை, வெளியே ஆறு. மூச்சை வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் உனக்கே தெரியலாம். அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறேன். ஆழமாக இழுக்கச் சொல்லவில்லை. வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் தலை கிறுகிறுத்து, பதற்றக்காரர்களுக்கு அதுவே புதுப் பதற்றமாகிவிடும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு படபடக்கும். உனக்கும் அப்படி இருந்தால் அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு உள்ளங்கை, உள்ளங்காலை மட்டும் கவனித்துக்கொண்டிரு. கடற்கரையில் நடப்பதாக நினைத்துக்கொள், மலையருவியைப் பார் என்பதெல்லாம் நான் சேர்க்கவில்லை. அவை பிடித்தவர்களுக்கு நல்லதுதான், எனக்குப் பொறுமை இல்லை.

தளரத் தொடங்கியதும் பயம் கூடுகிறது என்று நீ எழுதியது வினோதமான ஒன்றல்ல. எப்போதும் காவல் இருந்து பழகிய மனம், காவலை விடும்போது துணுக்குறுகிறது. தளர்வினாலேயே வரும் பதற்றம் என்று 1980களிலேயே உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய், நேரத்தைக் குறைத்துக்கொள், போகப் போகக் கூட்டு. கண் அயரும் வேளையில் திடீரென்று விழுவதுபோல் உடம்பு தூக்கிப்போடுவதும் பலருக்கும் நடப்பதுதான். அதற்கு எழுந்து உட்கார்ந்து இணையத்தில் நோய் தேட வேண்டாம்.

முதலில் சில வாரங்கள் பகலில் செய், நாற்காலியில் உட்கார்ந்து. இது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் இரவில் பதறிக் கிடக்கும்போது முதல்முறையாகக் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை அல்ல இது. கார் ஓட்டும்போது மட்டும் கேட்காதே. இரவில் கேட்கும்போது கைப்பேசித் திரையைக் கவிழ்த்து வை, அடுத்த பதிவு தானாக ஓடாதபடி நிறுத்தி வை. பதிவு முடிந்தும் புரண்டுகொண்டே இருந்தால், ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனதாகத் தோன்றும்போது எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார், கண் சொக்கும்போது திரும்பி வா. மணி பார்க்காதே. படுக்கை என்றாலே தவிப்பு என்று மனம் பழகியதை மாற்ற அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972இல் வகுத்த வழி இது. இன்றும் தூக்க மருத்துவத்தில் இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால், என் குரலை நம்பிக் கிடக்காமல் மருத்துவரைப் பார். தூக்கமின்மைக்கென்றே அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இருக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் அதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. பகலிலும் பதற்றம் விடவில்லை என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பதிவின் கடைசியில் "மெதுவாகக் கண்களைத் திற" என்று சொல்லவில்லை. அப்படியே நின்றுவிடும், திடுக்கிடாதே. தோள்பட்டைப் பகுதியில் ஓர் இருமல் இருக்கிறது, அதை வெட்டி எடுக்க எனக்குத் தெரியவில்லை. வேகம் அதிகமாகத் தெரிந்தால் எழுது, நிதானமாக மறுபடி பேசி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா