மகளுக்கு: ஐயா வண்டி சூடாவதைப் பற்றி

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே ஆத்தாவும் நானும் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நீ பேசினதைவிட உனக்குப் பின்னால் உன் ஐயாவின் பழைய புல்லட் பேசினதுதான் என் காதில் விழுந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினவுடனே ‘கிணிகிணி’ என்று மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறதே, அதுதான் நாக்கிங். பிளக்கில் பொறி வந்து பெட்ரோல் வரிசையாக எரிய வேண்டும். உள்ளே சூடு மீறிவிட்டால், எரியாமல் மிச்சமிருக்கிற கலவை ஒரு மூலையில் தானாகவே பற்றி வெடிக்கும். அந்தச் சத்தத்தோடு ஓட்டக் கூடாது. போனில் சொன்னால் பாதி ஹாரனிலேயே போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

“இது ஏர்கூல்டு, காத்துல ஆறுற இன்ஜின், சென்னை டிராஃபிக்குக்கு ஆகாது, வித்துடுங்க” என்று அங்குள்ள மெக்கானிக் சொன்னாராமே. இந்த வண்டி பிறந்ததே சென்னையில்தான். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் செய்த புல்லட் வம்சம். அந்த ஊர் வெயில் அதற்குப் புதுசா என்ன? வெயிலால் வந்த கோளாறு இல்லை இது.

எரிகிற பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் சூடு. பாதி சைலன்சர் வழியாகப் போகும், மீதியை சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கிற ஃபின்தான் காற்றில் விட வேண்டும். நம் வீட்டு முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் நேர்கோட்டில் தெரியும் இல்லையா? கத்திரி வெயிலிலும் பட்டாலையில் படுக்க முடிகிறதென்றால் அந்த நேர்வழிக் காற்றால்தான். ஃபின்னுக்கும் அதே கதை. முன்னால் நுழைகிற காற்று பின்னால் வெளியேற வேண்டும். நீ போன மாதம் அனுப்பிய போட்டோவில் லெக் கார்டில் ரெயின்கோட்டைச் சுருட்டிக் கட்டியிருந்தாய், பக்கத்திலேயே ஒரு பையும் தொங்கியது. இரண்டையும் இன்றைக்கே அவிழ்த்துப் பின்சீட்டில் கட்டு. உன் தோழியின் ஸ்கூட்டரில் இன்ஜினோடு ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, நின்றாலும் அதற்குக் காற்று உண்டு. உன் வண்டிக்கு நீ நகர்ந்தால்தான் காற்று.

ஆனால் இதே ரெயின்கோட்டோடுதான் போன மழைக்காலம் முழுக்க ஓட்டினாய், அப்போது சத்தம் இல்லை. சத்தம் எப்போது வந்தது? “மைலேஜ் ட்யூன் பண்ணிக் கொடுத்தார் அப்பச்சி, லிட்டருக்கு நாலஞ்சு கிலோமீட்டர் கூடுதலாத் தருது” என்று நீ சந்தோஷமாகச் சொன்னாயே, அதற்கப்புறம். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்ப்பரேட்டருக்குள், ஆக்சிலேட்டர் தூக்குகிற ஸ்லைடோடு ஒரு ஊசி தொங்கும். ஊசித் தலையில் வரிசையாகப் பள்ளங்கள், அதில் ஒன்றில் ஒரு சின்ன கிளிப். அந்தக் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கி, பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டை இன்னும் அடைக்கும், பெட்ரோல் குறையும். வெளியே இருக்கிற ஏர் ஸ்க்ரூவையும் கொஞ்சம் தளர்த்திவிட்டால் மைலேஜ் கூடினது போலவே இருக்கும். பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் இன்ஜின் கொதிக்கும். பங்கில் இப்போது போடுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்ப்பரேட்டரில் கலவை தானாகவே கொஞ்சம் மெலிந்துதான் போகும். அதை மேலும் மெலிய வைத்தால் இரும்பு சிலிண்டர் என்ன செய்யும்? புது வண்டிகளில் கம்ப்யூட்டர் பார்த்துச் சரிசெய்து கொள்கிறது. ஐயா வண்டிக்கு நாம்தான் பார்க்க வேண்டும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், பிளக்கைக் கேள். ஆபீஸ் போய் இறங்கி, இன்ஜின் நன்றாக ஆறினபின் கழற்றிப் பார். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நான் சொன்னது தப்பு, வேறு இடத்தில் தேடுவோம். வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கச் சொல். ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கச் சொல். அதற்கப்புறமும் வெள்ளைதான் என்றால் கார்ப்பரேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் சேருகிற இடத்தில் காற்று கசிகிறதோ என்னவோ. வண்டியை ஐடிலில் விட்டு அந்த இணைப்பில் பிரஷ்ஷால் கொஞ்சம் ஆயில் தடவினால், கசிவு இருந்தால் சத்தம் மாறும். சைலன்சர் பெண்டு புதிதாக நீலம் பாய்ந்திருந்தால் பொறி வரும் நேரத்தை, அதாவது பாயின்ட் டைமிங்கையும் பார்க்கச் சொல்லு. மைலேஜ் போய்விடுமே என்று அவர் இழுத்தால் போகட்டும் என்று சொல். பெட்ரோல் காசை நான் தருகிறேன், சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுகிற காசுக்கு அது ஒன்றுமே இல்லை.

பிஸ்டன் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத்தான் நீ முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவு மீறினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிடிப்பதற்கு முன்னால் வண்டி இழுவை குறைந்து கனத்துப்போகும், எத்தனை திருகினாலும் ஏறாது. அப்படித் தோன்றின நொடியே கிளட்ச்சைப் பிடி. பிரேக்கெல்லாம் அப்புறம். டிராஃபிக்கில் எப்போதும் இடது கையின் இரண்டு விரல் கிளட்ச் லீவர் மேலேயே இருக்கட்டும். ஓரங்கட்டி, நிழல் பார்த்து நிறுத்தி, ஒரு காப்பி குடித்துவிட்டு வா. தொட்டால் பொறுக்கிற சூட்டுக்கு வந்தபின் உதைத்தால் போதும். யாராவது நல்லெண்ணத்தில் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள், ஊற்ற விடாதே. கொதிக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்குச் சாலையைக் குறுக்கினதிலிருந்து ஊர்ந்துதான் போகிறாய் என்றாய். ஊரும்போது அரைக் கிளட்ச்சில் இழுக்காதே. இன்ஜின் சுற்றும், வண்டி நகராது, காற்றும் வராது, கிளட்ச் பிளேட்டும் கருகும். முன்னால் கொஞ்சம் இடம் விடவிட்டு, முதல் கியரில் கிளட்ச்சை முழுசாக விட்டு நகர்ந்து, மறுபடி நின்றுகொள். நடுவில் யாராவது நுழைவான், நுழையட்டும். சிக்னல் பலகையில் 60க்கு மேல் எண் தெரிந்தால் அணைத்துவிடு. கிக்கர் வண்டி என்பதால் பச்சைக்குக் கொஞ்சம் முன்பே உதை. ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் வரை, சிலிண்டர் அழுத்தத்தை விடுகிற டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து மெதுவாக மிதி, அப்புறம் அதை விட்டுவிட்டு ஒரே உதை. சூடாக இருக்கும்போது சோக் போடாதே. வலது கால் கியர் என்பதால் உன் ஆபீஸில் யாரும் இரவல் கேட்கப்போவதில்லை, அந்த மட்டில் நிம்மதி.

ஆயில் 20டபிள்யூ50தான். புது வண்டிக்குப் போடுகிற மெல்லிசு ஆயிலை ‘இம்போர்ட்டட்’ என்று யாராவது தலையில் கட்டினால் வாங்காதே. அளவை வண்டி ஓடி நின்று சில நிமிடம் கழித்துப் பார். ஆயில் மாற்ற ஓடோமீட்டரை மட்டும் நம்பாதே, சிக்னலில் நின்று சுற்றின சுற்று அதில் ஏறாது. ஆயில் கூலர் மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். கலவையைச் சரி செய்யாமல் கூலர் மாட்டுவது வீண் செலவு.

ஃபின் இடுக்கில் ஆயிலும் தூசியும் சேர்ந்து அப்பியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆறின இன்ஜினில் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய். வாட்டர் சர்வீஸ்காரர் பிரஷரில் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போய் உட்காரும். பளபளப்புக்காக ஃபின்னில் பெயின்ட் அடிக்கிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடு.

டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, பார்க்க இரண்டு விரல் போதும். காலையில் குளிர்ந்த இன்ஜினில், இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில், வால்வைத் திறக்கத் தள்ளுகிற கம்பியான புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலாமல் இறுகியிருந்தால் வால்வு சரியாக உட்காராமல் கருகும். இதை மட்டும் மெக்கானிக்கிடம் விடாமல் நீயே செய், உன் விரல் உனக்குப் பொய் சொல்லாது.

பஸ் பார்சலில் ஒரு டப்பா வருகிறது. மேலே ஆத்தா சுட்ட சீப்புச்சீடை, அடியில் துணியில் சுற்றி புது பிளக் ஒன்றும் கார்ப்பரேட்டர் பேக்கிங்கும் வைத்திருக்கிறேன். பிளக்கை முதலில் கையாலேயே திருகு, இறுகினபின் ஸ்பானர். பழைய பிளக்கை எறிந்துவிடாதே. முனையை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ராத்திரிக்குள் அனுப்பு. பார்த்துவிட்டு உன் மெக்கானிக்கிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி