1147-இலிருந்து தொடங்குங்கள்: ஜூலியஸ்ஷ்பிட்டால் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு செவிலியர், கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் உங்கள் மருத்துவமனை அறநிலையத்துக்கு ஆயர் ஜூலியஸ் எக்டர் 1579-இல் எழுதிக் கொடுத்த சாசனத்தைப் பற்றிப் படித்தபோது மனம் நெகிழ்ந்துபோனது. ஏழைகள், நோயாளிகள், காயத்துக்கு மருந்து வேண்டியவர்கள், கைவிடப்பட்ட அனாதைகள், வழியே போகும் திருப்பயணிகள் என்று இன்னின்னாருக்கு இங்கே இடம் உண்டு என எழுதிவைத்திருக்கிறார். திராட்சைத் தோட்டம், காடு, வயல் என்று அதற்குச் சொத்தும் ஒதுக்கினார். நானூறு ஆண்டு கடந்தும் அந்தத் தோட்டத்து ஒயின் வருமானம் அறப்பணிக்குப் போகிறது. இதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அந்தக் கட்டடம் எழுந்த நிலம் யூதர்களின் இடுகாடு.

1147-இல், இரண்டாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டம் அந்த நகரில் இருபதுக்கு மேற்பட்ட யூதர்களைக் கொன்றது. அன்றைய ஆயர் சிக்ஃப்ரீட் அந்த உடல்களைச் சேர்த்தெடுக்கச் செய்து தன் தோட்டத்திலேயே அடக்கம் செய்ய வைத்தார். பிறகு யூதர்கள் அந்தத் தோட்டத்தை விலை கொடுத்து வாங்கினார்கள். அதாவது, அது காசு கொடுத்து வாங்கிய மண். 1576-இல் இன்னோர் ஆயர், அதாவது எக்டர், அதையே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். யூதர்கள் முறையிட்டார்கள், பலனில்லை.

மெஸ்பெல்புருன் கோட்டையில் பிறந்த பிரபு குலத்துப் பிள்ளை எக்டர். 1573-இல், 28 வயதில், குருப்பட்டம் பெறும் முன்பே ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயர்தான் நாட்டுக்கும் அதிபதி. செங்கோலும் வாளும் ஒரே கையில். 1582-இல் பல்கலைக்கழகத்தைத் திறந்தார். அப்புறம் சில ஆண்டுகளிலேயே லூத்தரன் (புராட்டஸ்டண்ட்) குடிமக்களிடம், கத்தோலிக்கத்துக்கு மாறு, இல்லையென்றால் சொத்தை விற்றுவிட்டு வெளியேறு என்றார். அவரது கடைசி ஆண்டுகளில் கெரோல்ட்ஸ்ஹோஃபன் என்ற ஊர்ப் பக்கம் சூனியம் செய்ததாகச் சொல்லிப் பலரை எரித்தார்கள். அந்தக் காலமே அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். சரி, சிக்ஃப்ரீடின் காலம் அதைவிட 400 ஆண்டு பழையது. அவருக்கு எது சரி என்று தெரிந்திருந்ததே!

இரவுப் பணியில் யாராவது இறந்துபோனால், உடலைத் துடைத்து, தாடையைக் கட்டி, பெயர்ச்சீட்டு மாட்டிய பிறகுதான் உறவினரை உள்ளே விடுவோம். அந்த உடலுக்கு இனி வலிக்காது என்று தெரியும். ஆனாலும் யாரும் அவசரப்பட மாட்டோம். நோயாளியைக் கவனிப்பதும் இறந்தவரை மதிப்பதும் எங்களுக்கு ஒரே வேலைதான். அதனால்தான் இந்த இடுகாட்டை என்னால் கடந்துபோக முடியவில்லை.

மருத்துவமனை தொடங்கிய கதையை உங்கள் வாயிலில் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறீர்கள். நோயாளிகள், அனாதைகள், திருப்பயணிகள், நடுவே ஆயர். அங்கே வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் கதை சொல்லும்போது 1576-இலிருந்து தொடங்க வேண்டாம், 1147-இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் சிக்ஃப்ரீடின் பெயர், அடுத்து அவர் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர்கள், அதற்குப் பிறகு எக்டர். ஒயின் சுவைக்க வருகிறவர்களுக்கும் இதே வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழ்ச் செவிலியர்