ஒரு ரூபாய் இட்லிக்குப் பக்கத்தில் ஒரு முட்டையும் வையுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் திறக்கப்பட்டபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அந்த விலையை நீங்கள் ஏற்றவில்லை. 2015 வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் இந்த அடுப்புகள்தான் நகரத்துக்குச் சோறு போட்டன. ஆட்சி மாறியும் உணவகங்கள் தொடர்ந்தன. 2024இல் அவற்றைச் சீரமைக்கவும் புதுப் பாத்திரங்கள் வாங்கவும் 21 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. இதற்கெல்லாம் மனமார நன்றி சொல்லிவிட்டே கேட்கிறேன்: சுவரையும் பாத்திரத்தையும் புதுப்பிக்கும் நீங்கள் ஏன் உணவுப் பட்டியலில் கைவைக்கவில்லை?

காலையில் இட்லி, பொங்கல். மதியம் சாம்பார் சாதம், எலுமிச்சை அல்லது கறிவேப்பிலை சாதம், தயிர் சாதம். இரவு சப்பாத்தி. கீரை இல்லை, பொரியல் இல்லை, சுண்டல் இல்லை, முட்டை இல்லை. மதியத்துக்குப் பருப்பு என்பது சாம்பாரில் கரைந்திருப்பதுதான்.

எப்போதாவது வந்து சாப்பிடுகிறவருக்கு இது போதும். ஆனால் கட்டட வேலை செய்பவர், மூட்டை தூக்குபவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் என்று பலருக்கு இதுவே அன்றாடச் சாப்பாடு. அவர்களுக்குப் பசி அடங்குகிறது, உடம்பு தேறுவதில்லை. சர்க்கரை நோயைப் பணக்காரர் வியாதி என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2017இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகர்ப்புறங்களில் வசதி படைத்தவர்களைவிட ஏழைகளிடமே அந்நோய் அதிகம் என்று காட்டியது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இவர்களுக்கு மாத்திரையும் பரிசோதனையும் கொடுக்க அரசு செலவழிக்கிறது. அதே மனிதர்களின் தட்டில் வெறும் மாவுச்சத்தை மட்டும் வைப்பது எந்தக் கணக்கில் சரி?

இது உங்களுக்குப் புதிய வேலையும் அல்ல. 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதியின் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்துத் தொடங்கியது இதே மாநகராட்சிதான். பின்னாளில் சத்துணவில் 1989இல் முட்டை சேர்ந்தது, இன்று வாரத்துக்கு ஐந்து முட்டை. அந்தப் பிள்ளைக்குத் தேவை என்று ஒப்புக்கொண்ட முட்டை, பிள்ளையைப் பெற்ற தாய்க்கும் தேவை. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கப்படுகிறது. சென்னைக்கோ கேழ்வரகுக் கூழ் சொந்தச் சாப்பாடு. வெயில் காலத்தில் எந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தாலும் தெரியும்.

எனவே, இப்போதுள்ள எதையும் எடுக்காமல், விலையையும் ஏற்றாமல் சேர்க்கச் சொல்கிறேன். மதியம் ஒரு அவித்த முட்டை, வேண்டாதவருக்குச் சுண்டல். வாரத்தில் சில நாளாவது கீரைக்கூட்டு. காலையில் கேழ்வரகுக் கூழ். சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் முதலில் கேளுங்கள். யார் என்ன கேட்கிறார்கள், எது மிஞ்சுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுங்கள், அது இல்லாமல் இந்தத் திட்டம் அவர்கள் முதுகில் ஏறிய சுமையாகிவிடும்.

எல்லா வார்டிலும் ஒரே நாளில் முடியாது என்றால் அரசு மருத்துவமனை வளாகங்களில் உள்ள உணவகங்களில் தொடங்குங்கள். நோயாளிக்குத் துணையாக வந்து, நாட்கணக்கில் தாழ்வாரத்தில் படுத்து, அங்கேயே மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

நம்பிக்கையுடன்,
சென்னைவாசி ஒருவர்