கேள்வி கேட்க விட்டவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

என் தம்பி ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்த நாட்களிலும், அவனை அடக்கம் பண்ணின பிறகும் எங்களைத் தாங்கின எல்லோருக்கும் இந்த மடல். நேரில் சொல்லலாம் என்றால் பேச ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

தட்டணுக்கள் குறையும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ரத்தம் கொடுத்தீர்கள். உங்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அவன் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனவர்கள், வார்டில் எனக்குப் பதிலாக விழித்திருந்தவர்கள், ஊசி போட நரம்பு கிடைக்காதபோது அவனைவிட அதிகமாகக் கலங்கிப்போன அந்த நர்ஸ் தங்கை, எல்லோருக்கும் நன்றி.

அப்புறம் இன்னொரு உதவி. நல்ல தேவன் இதை ஏன் அனுமதித்தார் என்று நான் கேட்டபோது என் வாயை அடைக்காமல் விட்டீர்களே, அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும்.

"ஏதாவது மறைவான பாவம் இருக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். போதகர் ஐயா கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார். இதை ஐயா வேதத்தைத் திறந்து என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அன்றைக்கு அம்மா சாப்பிட்டார்கள்.

வேதபாட வகுப்பு அண்ணனுக்கும் நன்றி. சுயசித்தம் இல்லாமல் அன்பு இல்லை, சுயசித்தம் இருந்தால் தன் தம்பியைக் கொன்ற காயீனும் இருப்பான் என்று தெளிவாகச் சொன்னீர்கள். சரி, கொலைக்கு அது பொருந்தும். ரத்த அணுவுக்கு என்ன சித்தம் என்று கேட்டேன். நீங்கள் மழுப்பவில்லை. சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்று பவுல் ரோமர் 8-இல் எழுதியதைக் காட்டினீர்கள். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாளில் போர்ச்சுகலின் லிஸ்பனில் பூமி அதிர்ந்து, ஆராதனைக்கு வந்தவர்கள் மேலேயே ஆலயங்கள் இடிந்ததையும் நீங்களாகவே சொன்னீர்கள். இந்த விளக்கம் இவ்வளவு தூரம்தான் வரும், அதற்கு மேல் எனக்கும் தெரியாது என்றீர்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் சொன்ன மற்றதையும் என்னால் நம்ப முடிந்தது.

குற்றமில்லாதவனாக இருந்தும் எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தது என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தார்கள், கெட்டது. யோபுவைச் சோதிப்பதைப் பற்றிக் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்கு முதல் அதிகாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. யோபுவுக்கோ கர்த்தர் நேரில் பேசியபோதும் அது சொல்லப்படவில்லை. ஆனாலும் கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது தமக்காக வாதாடின சிநேகிதர்கள்மேல். தம்மோடு வழக்காடின யோபு சரியாகப் பேசினான் என்றார். எனக்கு இது பெரிய தைரியம்.

வார்டில் 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் புத்தகத்தை மூடின அக்காவுக்கு நன்றி. மற்ற புலம்பல்களைப் போல அது கடைசியில் துதிக்குத் திரும்புவதில்லை. தம்பி, "இன்னொரு தடவை வாசிங்க அக்கா" என்றான்.

செத்துப்போன சிநேகிதன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவரே கேட்டார். என் கேள்விக்கு இது பதில் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவரைத்தான் பிதா உயிரோடு எழுப்பினார் என்று விசுவாசிக்கிறேன். தம்பியையும் அவரிடத்தில்தான் ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாத தம்பியின் நண்பனுக்கும் ஒரு வார்த்தை: "பார்த்தீர்களா, கடவுள் எங்கே?" என்று கேட்க உனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. நீ மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாய். நன்றிப்பா.

ஒரே ஒரு வேண்டுகோள். ரோமர் 8:28-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தினால் அதற்கும் நன்றி சொல்வேன். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இப்போதைக்கு அதை நானே மெதுவாக வாசித்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு சகோதரி